சேட்டின் விமானமும் சிவப்புச் சீட்டு மாமாவும்

மும்பையில் இத்தனை கோடி ஜனங்கள் இருக்கிறார்கள். தினமும் எத்தனையோ காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அத்தனை பேரிலும் ஒரு பொய்கூட எழுதாத கை ஒன்றே ஒன்றுதான் என்று நான் எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். அந்தக் கை இப்போதும் மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில், காலை ஆறு மணிக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருக்கிறது. அதன் சொந்தக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் எல்லோருக்கும் அவர் சிவப்புச் சீட்டு மாமாதான்.

நான் அப்போது ஒரு சேட்டிடம் பர்ச்சேஸ் கிளார்க். சேட் கட்டடம் கட்டி விற்கிறவர். பத்து வருடம் சிமெண்டும் கம்பியும் வாங்கிப் பழகிய என்னை ஒருநாள் கூப்பிட்டு, "ஷண்முகம், இனிமே நீ விமானத்துக்குச் சாமான் வாங்கு" என்றார். எட்டுப் பேர் உட்காரும் ஜெட் விமானம் ஒன்றை வாங்கிவிட்டாராம். வயது இருபத்தாறு. விமானத்தின் வயதைச் சொல்கிறேன்.

"ரொம்ப சல்லிசா வந்துது. மலபார் ஹில்லுல இந்தக் காசுக்கு ஒரு பாத்ரூம்கூடக் கிடைக்காது" என்று சேட் ஆபீஸ் முழுக்கப் பேடா கொடுத்தார். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு தின்றோம்.

விமானத்தோடு இலவச இணைப்பாக வந்தவர் மாமா. ஐம்பத்தேழு வயது, ஒல்லி, வெள்ளை அரைக்கை சட்டை. விமானம் நிறுத்தும் கொட்டகையான ஹேங்கரில் அவர் இன்ஸ்பெக்டர். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும். சட்டைப் பையில் பேனா இருக்கும், அதோடு நூல் கோத்த இரண்டு கட்டுச் சீட்டுகள் இருக்கும். சோதித்ததில் தேறிய சாமானுக்கு மஞ்சள் சீட்டு கட்டுவார். தேறாததற்குச் சிவப்பு. இது விமானத் தொழிலில் வழக்கம்தான். ஆனால் மாமாவுக்கு அந்தத் தொழில் ஹேங்கர் வாசலோடு முடியவில்லை.

கிங்ஸ் சர்க்கிள் ஓட்டலில் ஆடும் நாற்காலியில் உட்கார நேர்ந்தால் எழுந்து, அதன் காலில் சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டு நின்றுகொண்டே இட்லி சாப்பிடுவார். அவர் வீட்டுக் கட்டடத்தின் லிஃப்டுக்கு அவர் கட்டிய சிவப்புச் சீட்டு பதினோரு மாதம் தொங்கியது. அத்தனை மாதமும் அவர் மட்டும் படியேறினார். ஒரு கச்சேரியில் மிருதங்கக்காரர் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். மேடையேறி அதை நிறுத்தி, ஸ்டூல் போட்டுச் சீட்டைக் கட்டினார். வித்வான்கள் வியர்வையில் குளித்தபடி வாசித்தார்கள். மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது விசிறி ஒரே ஒரு மரையில் தொங்கிக்கொண்டிருந்ததாம். அன்றிலிருந்து அவர் சீட்டைக் கட்டினால் யாரும் அவிழ்க்கமாட்டார்கள்.

வீட்டில் குக்கருக்குத் தனி ரிஜிஸ்டர். எத்தனை விசில் வந்தது, கேஸ்கெட் மாற்றி எத்தனை விசில் ஆயிற்று, எல்லாம் அதில் இருக்கும். மாமி ஒருமுறை என்னிடம் சொன்னார்:

"கேட்டியோ ஷண்முகம், எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். இதுவரைக்கும் எனக்கு மஞ்சச் சீட்டு கெடைக்கலை. கேட்டா, இன்ஸ்பெக்‌ஷன் இன்னும் நடந்துண்டிருக்குங்கறார்."

விமானம் வந்த நாளில் சேட் ஒரு பண்டிதரை அழைத்துவந்து பூஜை போட்டார். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாமா அதைப் பொறுத்துக்கொண்டார். பண்டிதர் தேங்காயைத் தரையில் ஓங்கிப் போட்டு உடைத்தார். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது.

"எல்லாரும் அப்படியே நில்லுங்கோ! ஒருத்தரும் கால எடுக்கப்படாது!"

கூட்டம் சிலையாக நின்றது. மாமா பேண்ட் போட்ட குழந்தைபோல் நாலு காலில் தவழ ஆரம்பித்தார். சிதறிய ஓட்டுச் சில்லுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, ஒரு மேஜையில் வைத்து, தேங்காயை மறுபடி ஒட்டவைக்கத் தொடங்கினார். ஒரு சில்லு எஞ்சினுக்குள் போனால் எஞ்சினே போய்விடுமாம். முக்கால் மணி நேரத்தில் முழுத் தேங்காய் உருவாகிவிட்டது, சுண்டுவிரல் நகம் அளவு ஓர் ஓட்டை தவிர.

"ஒரு பீஸ் இல்லை. அது கெடைக்கற வரைக்கும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது" என்றார் மாமா.

சேட்டுக்கு நல்ல நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. பைலட்டுகள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அந்தச் சில்லு பண்டிதரின் குடுமியிலிருந்து எடுக்கப்பட்டது. மாமா அதை ஓட்டையில் பொருத்திப் பார்த்து, "சரியா இருக்கு" என்று தேங்காய்க்கு மஞ்சள் சீட்டு கட்டினார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினேன். ஆனால் எனக்குள் ஒரு பயபக்தி அன்றைக்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் செலவு ஆரம்பித்தது. பழைய விமானம் வைத்திருப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. சேட்டுக்கும் தெரியாது. மாமாவுக்குத் தெரியும். அவர் அதை ரூபாயில் சொல்லமாட்டார். எங்களுக்குப் புரியும்படி வீட்டு விலைக் கணக்கில் சொல்வார். முன்பக்கக் கண்ணாடியில் மயிரிழையாய் ஒரு விரிசல் விழுந்தது.

"எவ்வளவு ஆகும் மாமா?"

"பாண்டுப்ல ஒன் ரூம் கிச்சன்."

சக்கரம் தாங்கும் கால்களை வருடக்கணக்குப்படி கழற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிச் செப்பனிட வேண்டும் என்று கடிதம் வந்தது.

"செம்பூர்ல டூ பெட்ரூம். கார் பார்க்கிங்கோட."

"ரெண்டு எஞ்சினையும் பிரிச்சுப் பாக்கணும்னா?"

மாமா கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "செம்பூர்லயே ஒரு ஃப்ளோர். நாலு ஃப்ளாட்டும் சேத்து."

பறந்தால் மணிக்கு இவ்வளவு என்று எஞ்சின் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். பறக்காவிட்டால் துருப்பிடிக்காமல் காப்பாற்ற அதற்கொரு செலவு. நிறுத்த வாடகை, இன்ஷூரன்ஸ், வருடத்துக்கு ஒருமுறை பைலட்டுகளை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பயிற்சி. சில சாமான்கள் ஓடின மணியை வைத்துக் காலாவதியாகும், சில சும்மா இருந்தாலே காலாவதியாகும். காப்பி போடும் யந்திரம் கெட்டுப்போனபோது புது யந்திரத்தின் விலையைக் கேட்டு, ஒரு பழைய காரை வாங்கிவிடலாமே என்று நினைத்தேன். மாட்டுங்காவிலிருந்து ஒரு பித்தளை ஃபில்டர் வாங்கிக்கொண்டுபோய் வைத்தேன். மாமா அதில் போட்ட காப்பியை ஒரு டம்ளர் ரசித்துக் குடித்துவிட்டு, ஃபில்டருக்குச் சிவப்புச் சீட்டைக் கட்டி என் கையில் கொடுத்தார். "விமானத்துல வைக்க இதுக்கு சர்டிஃபிகேட் இல்லை. ஆத்துக்கு எடுத்துண்டு போ. காப்பி ஏ ஒன்."

நான் அதில் பாடம் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

இரண்டாம் வருடம் இருக்கைகளின் தோல் வெடிக்க ஆரம்பித்தது. சேட்டுடைய மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. சம்பந்தி வீட்டாரை ஒரு வெள்ளிக்கிழமை சொந்த விமானத்தில் ஜெய்ப்பூருக்கு அழைத்துப்போவதாகச் சேட் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கிழிந்த இருக்கையில் சம்பந்தியை உட்காரவைக்க முடியுமா? எட்டு இருக்கைக்கும் உறையும் நுரையும் மாற்ற, அனுமதி பெற்ற கம்பெனியிலிருந்து விலை வந்தது. சேட் அந்தத் தாளை என் முகத்துக்கு நேராக ஆட்டினார். அவர் பாதித் தமிழும் முழு ஹிந்தியுமாகத் திட்டியதில், எட்டு நாற்காலிக்கு இவ்வளவா என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

அந்த நேரத்தில் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. "சேட்ஜி, நான் முடிச்சுத் தரேன். பத்துல ஒரு பங்குகூட ஆகாது" என்றேன்.

சேட் என்னை உற்றுப் பார்த்தார். "மாமாவைக் கேட்டுட்டுச் செய். ஏதாவது கோளாறு ஆச்சுன்னா, நீ மறுநாள் வராதே."

நான் மாட்டுங்கா லேபர் கேம்பில் பிறந்து வளர்ந்தவன். பெரியப்பா மகன் முத்தையா அண்ணன் தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கிறார். அவர் தைத்த பைகள் பெரிய பெரிய கடைகளில் வேறு பெயரில் தொங்குகின்றன. அண்ணன் கையில் ஊசி இருக்கும்போது எனக்கு என்ன கவலை? அந்த வாரம் மாமா கண்புரை ஆபரேஷனுக்காக நாலு நாள் லீவில் போயிருந்தார். லீவு முடிந்து வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நானாக முடிவுசெய்தேன். மாமாவைக் கேட்டால் முடியாது என்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. இதை ஒளிப்பானேன்.

டெம்போவில் இருக்கைகள் தாராவிக்குப் போயின. அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏல சம்முவம், ஏரோப்ளேன் சீட்டுன்னா தங்கத்துலயால செஞ்சிருக்கு? நம்ம சோபா மாதிரிதாம்ல இருக்கு! மூணு நாள்ல முடிச்சுத் தாரேன், போ."

முடித்தும் கொடுத்தார். தேன் நிறத் தோல், நூல் பிடித்த மாதிரித் தையல், அமுக்கினால் மெத்தென்று எழும்பும் புது நுரை. ராஜா உட்காரலாம். செவ்வாய்க்கிழமை விமானத்தில் பொருத்தியாயிற்று. புதன்கிழமை காலை மாமா கறுப்புக் கண்ணாடியோடு வந்து சேர்ந்தார்.

விமானக் கதவைத் திறந்ததுமே மூக்கைச் சுளித்தார். புதுப் பசை வாசனை. உள்ளே போய் ஒவ்வோர் இருக்கையாகத் தடவினார். நான் வாசலிலேயே நின்றேன்.

"யாரோட கை இது?"

"எங்கண்ணன் மாமா. தாராவியில..."

"என்ன தையல்பா இது! நாப்பது வருஷத்துல இப்படி ஒரு கைவேலை நான் பாத்ததில்லை. உங்கண்ணனுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லு" என்றார். சொல்லிக்கொண்டே எட்டு இருக்கைக்கும் எட்டுச் சிவப்புச் சீட்டைக் கட்டி முடித்துவிட்டார்.

நான் கெஞ்சினேன். வெள்ளிக்கிழமை, சம்பந்தி, என் வேலை, என் மகளின் பள்ளிக்கூடம், எல்லாவற்றையும் சொன்னேன். மாமா பொறுமையாகக் கேட்டார். "மத்தியானம் உங்கண்ணனையும் அழைச்சுண்டு ஆத்துக்கு வா. மிச்சம் மீதி தோலும் நுரையும் இருக்குமோல்லியோ, எடுத்துண்டு வா" என்றார்.

மாட்டுங்கா வீட்டு அடுப்படியில் மாமி வாளித் தண்ணீரோடு தயாராக நின்றார். மாமா இடுக்கியில் ஒரு தோல் பட்டையைச் செங்குத்தாகப் பிடித்து காஸ் அடுப்பில் காட்டினார். பன்னிரண்டு எண்ணினார். விலக்கினார். பதினைந்து எண்ணுவதற்குள் தானாக அணைய வேண்டுமாம். ஆறு எண்ணும்போதே அணைந்துவிட்டது. முத்தையா அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்தது நுரை. நெருப்பு தொட்டதுதான் தாமதம், கற்பூரம் மாதிரிப் பிடித்தது. கரும்புகை சுழன்று கூரைக்குப் போனது. நெருப்புத் துளிகள் சொட்டின. மாமா பன்னிரண்டு எண்ணவே இல்லை. மாமி வாளியைக் கவிழ்த்துவிட்டார். நாலு பேரும் இருமிக்கொண்டே பால்கனிக்கு ஓடினோம்.

"லேப்ல பண்ணினாத்தான் இது செல்லும். இது நீங்க பாக்கறதுக்காக. அந்தக் கம்பெனிக்காரன் கேட்ட காசு தோலுக்கும் நூலுக்கும் இல்லைப்பா. மேல போனப்பறம் எறங்கி ஓட பால்கனி கெடையாது, அதுக்குத்தான்" என்றார் மாமா.

அண்ணனுக்குக் கண் கலங்கியிருந்தது, புகையினால் மட்டும் இல்லை. "அய்யா, இதுமேல எட்டுப் பேர உக்கார வச்சிருப்பேனே, பாவி" என்றார்.

இன்னும் ஒரு வழி இருந்தது. பழைய நுரையும் உறையும் கிழிந்ததானாலும் சான்றிதழ் உள்ளவை. அவற்றையே திரும்பப் போட்டால் விமானம் பறக்கலாம். மூவரும் டாக்ஸி பிடித்துத் தாராவிக்குப் பறந்தோம். தாராவியில் ஒரு பொருள் குப்பையாக ஒரு நாளாவது இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நுரை துண்டு துண்டாகி அரவை யந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. உறைகளின் கிழியாத பாகம் எழுபது பர்ஸாக மாறி, ஒரு கயிற்றில் அழகாகத் தொங்கியது. மாமா ஒரு பர்ஸை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். இருபத்தெட்டு வருடச் சரித்திரம் உள்ள தோல். பேரம் பேசாமல் விலை கொடுத்து வாங்கி, அதற்கும் சிவப்புச் சீட்டு கட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை சேட் ஹேங்கருக்கு வந்தார். விமானக் கதவிலேயே ஒரு சிவப்புச் சீட்டு தொங்கியது. நாளைக்குச் சம்பந்தி வீட்டார் எல்லாரையும்போல் டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று போக வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"கிஸ்னே கியா?" யார் செய்தது என்று ஹேங்கரே அதிரக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இவரைக் கேட்டுட்டுத்தானே செஞ்சே?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். சத்தம்தான் வரவில்லை. அதற்குள் மாமா அலமாரியிலிருந்து வேலைப் பதிவேட்டை எடுத்து, ஒரு பக்கத்தை விரித்துச் சேட்டிடம் நீட்டினார். "எல்லாம் இதுல எழுதியிருக்கு சேட்ஜி, படிச்சுக்கோங்க" என்று ஹிந்தியில் சொன்னார்.

சேட் படித்தார். அவர் முகம் என்னவோபோல் ஆயிற்று. என்னிடம் கையை மட்டும் வீசி, "நீ போய் வேலையைப் பார்" என்றார். நான் போனேன். பின்னால் அரைமணி நேரம் சத்தம் கேட்டது. மாமாவின் குரல் அதில் கேட்கவே இல்லை. மாதக் கடைசியோடு மாமாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

விமானத்தை நிறுத்தியதற்குத் தண்டனை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே நம்பினேன். நம்பியது எனக்கு வசதியாகவும் இருந்தது. வாழைப்பழமும் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். "ரிட்டையர் ஆக எட்டு மாசந்தானே இருந்தது, விடு. காப்பி சாப்பிடறயா?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அடுத்த வருடம் சேட் விமானத்தை விற்றார். வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை. அதற்குள் அதன் வயிற்றில் ஒரு ஹவுஸிங் சொசைட்டியே போயிருந்தது. வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் விமானத்தை இரண்டு நாள் பார்த்தார்கள். காகிதங்களை இரண்டு வாரம் பார்த்தார்கள். பழைய விமானத்தின் பாதி விலை அதன் காகிதத்தில்தான் இருக்கிறது; பிறந்த நாளிலிருந்து ஒரு பக்கம் குறைந்தாலும் அது வெறும் தகரம். அவர்களுக்காகப் பதிவேடுகளை ஒவ்வொரு பக்கமாக நகல் எடுக்கும் வேலை எனக்கு.

அப்போதுதான் அந்தப் பக்கம் வந்தது. அந்தப் புதன்கிழமைத் தேதி. மாமாவின் குண்டு குண்டான இங்கிலீஷ் எழுத்து. தமிழில் சொன்னால் இதுதான்: 'விடுப்பில் செல்லும் முன், இருக்கை உறை மாற்ற ஷண்முகம் என்னிடம் அனுமதி கேட்டார். வாய்மொழியாக அனுமதி கொடுத்தேன். நுரையைச் சோதிக்கச் சொல்லத் தவறியது என் பிழை.' கீழே கையெழுத்து.

நான் அனுமதி கேட்கவில்லை. அவர் கொடுக்கவில்லை.

யந்திரத்தை நிறுத்திவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் மாட்டுங்காவுக்கு ஓடினேன். மாமா குக்கர் ரிஜிஸ்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க, "மாமா, நீங்க பொய் எழுதியிருக்கீங்க!" என்றேன். அந்த மனிதரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது! மாமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மாமா தலை நிமிரவில்லை. "அந்தப் பக்கத்துல கையெழுத்தைப் பாத்தயோ? சரியா விழலை. கை நடுங்கிடுத்து" என்றார். ரிஜிஸ்டரை மூடிவிட்டு, "உனக்கு ரெண்டாம் கிளாஸ் படிக்கற பொண்ணு இருக்கே. எனக்கு எட்டு மாசந்தான் பாக்கி. இதுல பெரிய இன்ஸ்பெக்‌ஷன் என்ன வேண்டிக்கெடக்கு?" என்றார். நான் சின்னக் குழந்தைமாதிரி அவர் எதிரில் உட்கார்ந்து அழுதேன். மாமி இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

விமானத்தின் காகிதங்கள் விமானத்தோடேதான் போக வேண்டும், அது சட்டம். கடல் தாண்டி, எத்தனை கை மாறினாலும், அந்த ஒரு பக்கமும் கூடவே போகும். இப்போது அது எந்த நாட்டு வானத்தில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. அதனால் லேபர் கேம்புக்கு மேலே சின்னதாக ஒரு விமானம் தாழ்ந்து போனால், அது எதுவாக இருந்தாலும் சரி, நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகிறேன்.